கீழ்-ஃப்ரீசர் ஃப்ரிட்ஜில் மேல் அறை மட்டும் குளிராமல் போனது: மூன்று பழுதுபார்ப்புகளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தெற்குப் புறநகரில் ஐந்து பேர் உள்ள வீடு. ஏழு வருடப் பழைய 325 லிட்டர் ஃப்ரிட்ஜ். மேலே சாப்பாட்டு அறை, கீழே மூன்று டிராயர்களுடன் ஃப்ரீசர். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை, குளிரூட்டும் கேஸ் ஆர்600ஏ, பெயர்த் தகட்டில் அதன் எடை 62 கிராம் என்று போட்டிருந்தது. அதுவரை பழுது என்று யாரும் வந்து பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசியில் ஃப்ரீசரின் தரையில் கண்ணாடி போல ஒரு ஐஸ் தகடு படிந்தது. கரண்டிக் காம்பால் பெயர்த்துப் போட்டார்கள். ஒரு வாரத்தில் மறுபடி வந்தது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் பால் திரிந்தது. அடுத்த நாள் காலையில் இட்லி மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, கீழ்த்தட்டில் இருந்த கீரையின் மேல் வழிந்திருந்தது. வீட்டுப் பெண்மணி போனில் சொன்ன புகார்: "ஐஸ்கிரீம் கல்லு மாதிரி இருக்கு, மேலதான் கூலிங்கே இல்ல. மாவு ஒரே ராத்திரியில பொங்கிடுச்சு."

பாதி நோயறிதல் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. கேட்டவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

குளிர் மேலே போகும் வழி

இந்த வகை ஃப்ரிட்ஜில் கூலிங் காயில் ஒன்றுதான். அது கீழே, ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு மேல் உள்ள சிறிய ஃபேன் காயிலின் இடுக்குகள் வழியாகக் காற்றை இழுத்து, ஒரு பங்கை ஃப்ரீசருக்கும், ஒரு பங்கைப் பின்சுவரில் உள்ள டக்ட் வழியாக மேல் அறைக்கும் அனுப்பும். மேல் அறைக்கென்று தனிக் குளிர் கிடையாது. கீழிருந்து ஏறி வரும் காற்றுதான் எல்லாம்.

காற்றில் உள்ள ஈரம் காயிலில் பனியாகப் படியும். கம்ப்ரசர் ஓடிய நேரத்தைக் கணக்கு வைக்கும் போர்டு, குறிப்பிட்ட இடைவெளியில் கம்ப்ரசரை நிறுத்தி, காயிலுக்கு அடியில் உள்ள டிஃப்ராஸ்ட் ஹீட்டரை ஓட விடும். பனி உருகி, டிரெயின் குழாய் வழியாகப் பின்னால் கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் விழுந்து ஆவியாகும். ஹீட்டரோடு வரிசையாக இரண்டு காவல்கள். ஒன்று பைமெட்டல்: குளிரில் அதன் முனைகள் சேர்ந்து (மூடி) மின்சாரம் விடும், காயில் சூடேறியதும் முனைகள் பிரிந்து (திறந்து) நிறுத்தும். மற்றொன்று தெர்மல் ஃபியூஸ்: 72 டிகிரியைத் தாண்டினால் ஒரே தடவை அறுந்துவிடும், மறுபடி சேராது.

ஹீட்டர் ஓடாமல் போனால் பனி இறுகி காயிலை மூடும். காற்று நுழைய இடமிருக்காது. ஃப்ரீசர், பக்கத்திலேயே பனிப்பாறை இருப்பதால், பல நாள் கல்லாகவே இருக்கும். முதலில் சாவது மேல் அறை. "கீழே ஐஸ் இருக்கு, மேலே கூலிங் இல்ல" என்ற புகார் வந்தால் கேஸை நினைப்பதற்கு முன் காற்றோட்டத்தை நினைக்க வேண்டும்.

முதல் வருகை: கேஸ்

அக்டோபர் 14 அன்று வந்த மெக்கானிக் ஃப்ரீசரின் பின்பலகையைத் திறக்கவில்லை. கம்ப்ரசர் பக்கம் போய், கேஸ் ஏற்றும் சார்ஜிங் குழாயில் வால்வு வைத்து, அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினார். முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்றது. "கேஸ் போயிருச்சும்மா" என்றார். இருந்ததை வெளியேற்றி, புது கேஸ் ஏற்றி, 2,800 ரூபாய் வாங்கினார். தராசு கொண்டுவரவில்லை, மீட்டரைப் பார்த்தே ஏற்றினார்.

ஆர்134ஏ என்ற வேறு வகை கேஸ் உள்ள ஃப்ரிட்ஜ்களிலேயே கை பழகியவருக்கு அந்த முள் கேஸ் குறைவு என்றுதான் சொல்லும். ஆனால் ஆர்600ஏ சாதாரண காற்றழுத்தத்தில் கொதிப்பது மைனஸ் 11.7 டிகிரியில். காயில் அதைவிடக் குளிராக ஓடும்போது, கம்ப்ரசர் கேஸை இழுக்கும் சக்‌ஷன் பக்கம் வெற்றிடத்தில் இருப்பதுதான் இயல்பு. போதாக்குறைக்கு, ஐஸ் மூடிய காயிலுக்கு வெப்பமே வந்து சேராததால் அழுத்தம் இன்னும் கீழே இறங்கும். அடைத்துக்கொண்ட காயில், மீட்டரில் கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் போலவே வேடம் போடும். முள்ளை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. காயிலைக் கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் பிரிக்கலாம். கேஸ் குறைந்திருந்தால் நுழைவுப் பக்கம் ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி இருக்கும், மிச்சம் வெறுமையாக இருக்கும். டிஃப்ராஸ்ட் பழுது என்றால் காயில் முழுக்க வெள்ளைப் பாறைதான்.

கேஸ் வேலைக்காக ஃப்ரிட்ஜ் ஒரு நாள் முழுக்க ஆஃப் ஆகி, இரண்டு கதவும் திறந்து கிடந்தது. பனியெல்லாம் உருகியது. மறுநாள் மேல் அறை அருமையாகக் குளிர்ந்தது. ஒன்பது நாள் ஓடி, அக்டோபர் 23 அன்று மாவு மறுபடி பொங்கியது. அந்த ஒன்பது நாளைக் கொடுத்தது கேஸ் அல்ல, பனி உருகியதுதான்.

இரண்டாம் வருகை: ஃபியூஸ்

அக்டோபர் 25 அன்று வந்த இரண்டாவது மெக்கானிக் சரியான இடத்தைத் திறந்தார். பின்பலகையை எடுத்ததும் காயில் முழுக்க ஐஸ். அதை உருக்கி, ஹீட்டர் வரிசையை, மின்சாரம் கடந்தால் 'பீப்' ஒலிக்கும் மல்டிமீட்டரில் பார்த்தார்: ஹீட்டர் நன்றாக இருந்தது, தெர்மல் ஃபியூஸ் அறுந்திருந்தது, பைமெட்டல் 'பீப்' கொடுத்தது. பீப் வந்ததால் பைமெட்டல் நல்லது என்று விட்டுவிட்டு, ஃபியூஸை மட்டும் மாற்றினார். ஃப்ரீசர் தரையிலிருந்த ஐஸ் தகட்டைப் பெயர்த்துப் போட்டார், டிரெயினைத் தொடவில்லை.

அவரைக் குறை சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஃபியூஸ் தானாக அறுவதில்லை, ஏதோ ஒன்று அதை 72 டிகிரி வரை சுட்டிருக்கிறது. சுட்டது எது என்ற கேள்வியைக் கேட்காமல் பெட்டியை மூடினார்.

ஃப்ரிட்ஜ் 23 நாள் ஓடியது. நவம்பர் 17 அன்று அதே புகார்.

மூன்றாம் வருகை: நாள் கணக்கு

நவம்பர் 18 அன்று வந்தவர் கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் கேள்விதான் கேட்டார். "கேஸ் போட்ட அன்னைக்கு ஃப்ரிட்ஜ் எத்தன மணி நேரம் ஆஃப்ல இருந்துச்சும்மா?" என்பது அதில் முக்கியமான ஒன்று. பதிலில் கணக்கு விழுந்தது. இந்த வீட்டில், இந்த ஈரப்பதத்தில், டிஃப்ராஸ்ட் இல்லாமல் ஓடினால் மேல் அறை கெட ஒன்பது நாள் ஆகிறது. அப்படியானால் புது ஃபியூஸ் அறுந்தது நவம்பர் 17 அன்று அல்ல, அதற்கு ஒன்பது நாள் முன்னால், 8ஆம் தேதி வாக்கில். அதாவது மாட்டிய இரண்டு வாரத்திலேயே.

மேல் அறையில் பாட்டியின் இன்சுலின் இருந்தது. நடுத்தட்டில் வெப்பமானி 14 டிகிரி காட்டியது. இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8. வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே அதைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றச் சொன்னார். தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்கும்படி விட்டுவிட்டார்.

திறந்தபோது கண்டவை

பிளக்கைப் பிடுங்கி, டிராயர்களை எடுத்தபோது நடு டிராயரும் மேல் டிராயரும் வழுக்கி வந்தன. கீழ் டிராயர் வரவில்லை. அதன் அடியில் ஐஸ் தகடு சுமார் 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, டிராயரைத் தூக்கிப் பிடித்திருந்தது. தூக்கிய டிராயர் முழுதாக உள்ளே போகாமல் ஃப்ரீசர் கதவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு மூடியது போலத்தான் இருக்கும். பத்து ரூபாய் நோட்டைக் கதவு ரப்பரில் வைத்து மூடி இழுத்ததில், மேலேயும் இடது பக்கமும் நோட்டு இறுக்கிப் பிடித்தது. வலது கீழ் மூலையில் ஒரு சாண் நீளத்துக்குத் தானாகக் கழன்று விழுந்தது. குளிர்காற்று கனமானது, கீழ்ப்பக்க இடைவெளி வழியாக வழிந்து வெளியேறும். அந்த இடத்துக்கு மழைக்கால ஈரக்காற்று உள்ளே வரும்.

பின்பலகைக்கு இரண்டு திருகு, நான்கு கொக்கி. ஃப்ரீசர் குளிரில் பிளாஸ்டிக் கொக்கிகள் பிஸ்கட் போல ஒடியும் என்பதால் கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு கழற்றினார். காயில் இருந்த இடமே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைச் சுவர், ஃபேன் இறக்கைக்கு ஒரு விரல் தூரம் வரை வந்திருந்தது. கேஸ் பற்றிய சந்தேகம் அங்கேயே பாதி தீர்ந்தது.

ஐஸைக் குத்தவில்லை. அலுமினியக் குழாயில் ஒரு திருப்புளி நுனி பட்டால் கேஸ் போய்விடும், அதுவும் எரியும் கேஸ். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரைக் குவளையால் மேலிருந்து மெதுவாக ஊற்றி, கீழே துண்டுகளால் ஒற்றி எடுத்தார். இரண்டரை மணி நேரம் ஆனது. அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிப்பவர்கள் உண்டு. உள்சுவர் பிளாஸ்டிக் நெளிந்துவிடும் என்பதும், தண்ணீர் சொட்டும் இடத்தில் மின்கருவி பிடிப்பது ஆபத்து என்பதும் அதைத் தவிர்க்கப் போதுமான காரணங்கள்.

காயிலுக்கு அடியில் உள்ள டிரெயின் துளை ஐஸால் அடைபட்டிருந்தது. வெந்நீர் விட்டும் தண்ணீர் இறங்கவில்லை. பின்னால் கம்ப்ரசர் பக்கம் குழாயின் நுனியில் இருந்த ரப்பர் மூக்கைக் கழற்றினால், உள்ளே கறுப்புச் சளி போல அழுக்கு. செப்டம்பரில் தொடங்கிய ஐஸ் தகட்டுக்கு மூலம் இதுதான். நுனி அடைத்ததால் குழாயில் நின்ற தண்ணீர் மேல்வரை உறைந்து, பிறகு உருகி வந்ததெல்லாம் ஃப்ரீசர் தரைக்கு வழிந்திருக்கிறது.

பைமெட்டல்

காயில் அறை வெப்பத்துக்கு வரும்வரை மீட்டரை எடுக்கவில்லை. இது பொறுமைக்காக அல்ல. பைமெட்டல் பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரியில் மூடி, 10 முதல் 13 டிகிரி வாக்கில் திறக்கும் பொருள். ஐஸ் ஒட்டியிருக்கும்போது அளந்தால் கெட்டதும் பீப் கொடுக்கும், நல்லதும் பீப் கொடுக்கும்.

அறை 31 டிகிரி. வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தவை: ஹீட்டர் 334 ஓம், 230 வோல்ட்டில் கணக்கிட்டால் 158 வாட்; அதில் 160 வாட் என்று அச்சிட்டிருந்ததால் பொருந்தியது. ஹீட்டருக்கும் காயில் உலோகத்துக்கும் இடையில் கசிவு இல்லை. ஃபியூஸ் மறுபடி ஓப்பன், அதாவது அறுந்திருந்தது. பைமெட்டல்: பீப்.

31 டிகிரியில் நல்ல பைமெட்டல் பீப் கொடுக்கக் கூடாது. ஃபியூஸையும் ஹீட்டரையும் அளந்து வந்த கை, 'பீப் வந்தால் நல்லது' என்ற பழக்கத்திலேயே இதையும் அளந்துவிடுகிறது. மற்ற எதற்கும் பொருந்தும் விதி இந்த ஒரு பொருளுக்குத் தலைகீழ். கடையில் புதிய பைமெட்டலை மீட்டரில் வைத்துப் பார்த்து, 'ஓப்பன், டெட் பீஸ்' என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

உறுதி செய்ய, பைமெட்டலை பிளாஸ்டிக் உறையில் கட்டி 60 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தார். பீப் நிற்கவேயில்லை. உள்ளே உள்ள முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒட்டிய பைமெட்டல் ஹீட்டரை நிறுத்தாது. போர்டு கொடுத்த நேரம் முழுவதும் ஹீட்டர் எரியும். காயிலில் பனி நிறைய இருந்தால் சூடு அதை உருக்கவே செலவாகும், ஃபியூஸ் தப்பிக்கும். பனி குறைந்த நாளில் உருக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் சூடு ஃபியூஸுக்கு ஏறும். வோல்டேஜும் இதில் சேரும்: 230க்குப் பதில் 250 வோல்ட் வந்தால் ஹீட்டரின் சூடு 18 சதவீதம் கூடும். இரண்டாவது மெக்கானிக் காயிலைச் சுத்தமாக உருக்கிக் கொடுத்ததே புது ஃபியூஸ் சீக்கிரம் அறுவதற்கு வழி செய்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

பைமெட்டலும் ஃபியூஸும் சேர்ந்த செட்டாகவே மாற்றுவது என்று முடிவானது, 350 ரூபாய். ஹீட்டரை மாற்றவில்லை. மூன்றாம் தடவை திறக்கிற ஃப்ரிட்ஜில் 'எல்லாத்தையும் மாத்திடலாம்' என்று சொல்வது எளிது. அளவு சரியாக வந்த பொருளை மாற்றினால் வீட்டுக்காரருக்குச் செலவு, எது பழுது என்பதும் குழம்பிப்போகும்.

ஃபியூஸை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்து 'டைரக்ட்' செய்வது சில இடங்களில் நடக்கிறது. இங்கே அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். பைமெட்டல் ஒட்டிய நிலையில் ஃபியூஸும் இல்லாமல் இருந்திருந்தால், பிளாஸ்டிக் சுவரும் எரியும் கேஸும் உள்ள பெட்டிக்குள் அந்தச் சூட்டை நிறுத்த எதுவும் இருந்திருக்காது.

கதவு ரப்பரை முதலில் வெந்நீர் ஒற்றி நிமிர்த்திப் பார்த்தார். வலது மூலையில் மடிப்பு விறைத்துப் போயிருந்தது, நிமிரவில்லை. புது ரப்பர் 1,400 ரூபாய்.

கேஸைத் தொடுவதா என்பதுதான் யோசிக்க வைத்த முடிவு. முதல் ஆள் எத்தனை கிராம் ஏற்றினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காயில் சுத்தமாகி ஓடும்போது பனி எல்லா வரிசையிலும் சீராகப் படிந்தால், சக்‌ஷன் குழாயில் கம்ப்ரசர் வரை பனி இழுக்காமல் இருந்தால், திறக்கத் தேவையில்லை என்று வைத்துக்கொண்டார். முதல் ஆள் விட்டுப்போன வால்வை மட்டும் சோப்பு நுரையில் சோதித்தார். ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகி, காயில் அறை வெப்பத்துக்கு வந்திருந்த நேரத்தில். ஓடும்போது அந்தப் பக்கம் வெற்றிடத்தில் இருப்பதால் கசிவு இருந்தாலும் நுரை வராது, காற்றுதான் உள்ளே போகும். குமிழி இல்லை. வால்வின் மூடியை இறுக்கினார்.

மாட்டியதும் சோதித்ததும்

புது பைமெட்டலை மாட்டுவதற்கு முன்பே சோதித்தார். கண்ணாடி டம்ளரில் மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. உறையில் கட்டிய பைமெட்டலை அதில் புதைத்தார். நான்காவது நிமிடம் பீப் வந்தது. வெளியே எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்ததும் சிறு 'டிக்' சத்தத்துடன் பீப் நின்றது.

பழையது இருந்த அதே குழாயில், காயிலின் மேல்பகுதியில், உலோகத்தோடு முழுதாக ஒட்டும்படி கிளிப்பை மாட்டினார். இடம் மாறினால் திறக்கும் நேரமும் மாறும். வயர் இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றவில்லை. கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினார். பனியும் உருகலும் மாறி மாறி வரும் இடத்தில் டேப் ஒரு மழைக்காலம் தாங்காது.

டிரெயினில் 60 மில்லி சிரிஞ்சால் சோடா உப்பு கலந்த வெந்நீரைப் பத்து தடவை அழுத்தி விட்டார். பின்தட்டில் தண்ணீர் தடையின்றி விழுந்ததைப் பார்த்த பிறகே கழுவிய ரப்பர் மூக்கைத் திரும்ப மாட்டினார். முன்கால் திருகுகளை ஏற்றி ஃப்ரிட்ஜைப் பின்னால் சற்றே சாய்த்ததில், விட்டால் கதவு தானாகப் போய் ஒட்டியது.

உடனே டிஃப்ராஸ்டை ஓட்டிப் பார்க்கவில்லை. காயில் சூடாக இருக்கும்போது பைமெட்டல் திறந்திருக்கும், ஹீட்டருக்கு மின்சாரம் போகாது; புதுப் பொருளும் பழுது என்று தவறாகத் தோன்றும். மூன்று மணி நேரம் ஓட விட்டு, பிறகு போர்டு வழியாக டிஃப்ராஸ்டைக் கட்டாயமாகத் தொடங்கினார். கிளாம்ப் மீட்டர் 0.71 ஆம்பியர் காட்டியது. அப்போது வோல்டேஜ் 238, 334 ஓமுக்கு அதுதான் வர வேண்டிய அளவு. 17 நிமிடத்தில் மின்னோட்டம் சட்டென்று விழுந்தது. போர்டின் நேரம் முடியவில்லை, நிறுத்தியது பைமெட்டல். தட்டில் தண்ணீர் சொட்டியது.

பிறகு நடந்தவை

மறுநாள் காலை மேல் அறை நடுத்தட்டில் வைத்த தண்ணீர் டம்ளரில் 4.2 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 19. காற்றை அளக்காமல் தண்ணீரை அளந்தது, கதவு திறப்புக்கு எண் துள்ளாமல் இருப்பதற்காக. பின்பலகையின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்ததில் தெரிந்த வரிசைகளில் மெல்லிய பனி சீராக இருந்தது. சக்‌ஷன் குழாய் முதல் ஒரு மணி நேரம் வியர்த்து, பிறகு உலர்ந்துவிட்டது. கேஸைத் திறக்கும் யோசனை கைவிடப்பட்டது.

நவம்பர் 27 அன்று, அதாவது சரியாக ஒன்பதாம் நாள், மறுபடி வந்து பார்த்தார். முந்தைய கெடு அதுதான் என்பதால் அந்தத் தேதி. மேல் அறை 4.5 டிகிரி, தரை உலர்ந்திருந்தது. டிசம்பர் 20 அன்று பலகையைக் கழற்றிப் பார்த்ததில் காயில் இடுக்குகள் தெளிவு, ஃபியூஸ் நலம். கீழ் டிராயரில் மட்டும் மீன் பொட்டலங்களை விளிம்புக்கு மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டை மேல் டிராயருக்கு மாற்றியதும் கதவு நோட்டைப் பிடித்தது.

கடைசி வருகைக்கு உழைப்புக் கூலி 900. பொருட்களோடு 2,650 ரூபாய். தேவையில்லாத கேஸ் வேலைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் வருகையில் இரண்டு திருகைக் கழற்றியிருந்தால் கேஸ் செலவு வந்திருக்காது. சீல் செய்த குழாயில் வால்வு வைப்பது கடைசி வேலையாக இருந்திருக்க வேண்டும். இப்போது அந்த வால்வு இந்த ஃப்ரிட்ஜில் இனி எப்போதும் கசியக்கூடிய ஓர் இடம்.

இரண்டாம் வருகையில் பைமெட்டலைச் சூட்டிலும் குளிரிலும் சோதிக்க இன்னும் பதினைந்து நிமிடம் போதும். அதற்கும் நேரமில்லை என்றால், ஃபியூஸ் அறுந்த இடத்தில் பைமெட்டலையும் சேர்த்தே மாற்றியிருக்கலாம். விலை வித்தியாசம் ஒரு நாள் பெட்ரோல் செலவுதான்.

மூன்றாம் வருகையிலும் ஒரு குறை இருந்தது. மேல் அறைக் கதவின் ரப்பரை நோட்டு வைத்துச் சோதிக்கவில்லை. டிசம்பரில் சோதித்தபோது கீல் பக்கம் லேசான தளர்வு தெரிந்தது. அதற்கு வெந்நீர் ஒற்றலே போதுமாக இருந்தது. ஃப்ரிட்ஜின் பின்புறம், பெயர்த் தகட்டுக்குக் கீழே, மாற்றிய பொருட்களும் தேதியும் "கேஸ் எடை தெரியாது, தராசு இல்லாமல் ஏற்றியது" என்ற குறிப்பும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது.